மதர்போர்டும் கிழட்டு வாளையும்

பாம்! பாம்! பாஆஆம்!

ஓவனிலிருந்து எடுத்த ஹாட்டிஷை, அதாவது உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட எங்கள் ஊர்ச் சாப்பாட்டை, பாத்திரத்தோடு கீழே போடாமல் பிடித்துக்கொண்டது என் சாமர்த்தியம். எங்கள் தெருவில் யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள். அடித்தால் ஒன்று மான் குறுக்கே வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காவது குழந்தை பிறந்திருக்க வேண்டும்.

கதவு திறந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருந்த குளிரில் என் கணவன் டேரல் வெறும் சட்டையோடு நின்றான். போட்டிருக்க வேண்டிய தடித்த கோட்டைக் கையில் சுருட்டி மார்போடு அணைத்திருந்தான். கோட்டுக்குள் ஏதோ இருந்தது.

"கதவைச் சாத்து ரெனே, சீக்கிரம்! குளிர் பட்டுடப்போவுது."

"யாருக்கு?"

"மதர்போர்டுக்கு."

பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம்தான் நான் பிஸ்மார்க்கிலிருந்து திரும்பியிருந்தேன். அக்காவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, நான்கு நாள் துணைக்கு. வந்து பார்த்தால் டேரல் வீட்டில் இல்லை. 'சாப்பாட்டுக்கு வந்துடுவேன்' என்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. அவன் வேலை பார்க்கும் சர்க்கரை ஆலையில் யாருக்காவது பதிலாகப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்கே போயிருந்தே?"

"மினியாபொலிஸ்."

"அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டா?"

"போக அஞ்சு, வர அஞ்சு. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்." கோட்டைப் பிரித்தான். உள்ளே ஒரு பெட்டி, பெட்டியின் மேல் இரண்டு சின்னப் பெட்டிகள். "போர்டு, ப்ராசஸர், ரேம் மூணும் ஒரே கட்டா வித்தாங்க. ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். எனக்கு முன்னாடி நின்னவன், சொந்தப் பொண்டாட்டியையே யாரோ மாதிரி பத்து ஆள் தள்ளி நிறுத்தியிருந்தான். அந்தம்மா அங்கேருந்து 'ஏங்க, சாவி உங்ககிட்டயா?'ன்னு கத்திடுச்சு. ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிட்டாங்க. அந்தக் கட்டுதான் இது!"

"மீதியெல்லாம்?"

"கம்ப்யூட்டர் கேஸ், கார்டு, பவர் சப்ளை எல்லாம் வண்டியில இருக்கு."

"நீ வாளையைக் கேட்டியா?" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

டேரலின் முகம் வாடிற்று. "கேட்டேன். நாலு நாளா பதிலே இல்லை. செத்துட்டாரோ என்னவோ, பாவம். வயசானவர்."

செத்துப்போன அந்த வயசானவர் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன், எங்கள் பெண் கல்லூரிக்குப் போன செப்டம்பரில் இது தொடங்கியது. விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை, பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே கட்டப்போவதாக டேரல் அறிவித்தான். தினமும் சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவான். எதிரே நான்.

"ரெனே, இந்தப் போர்டைப் பாரேன். கறுப்பு நல்லாருக்கா, வெள்ளை நல்லாருக்கா?"

"ரெனே, ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? ஏன் இதுக்கு மட்டும் இவ்வளவு பேர் அடிச்சுக்கறாங்க?"

இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த மேஜையில் நாங்கள் அதிகமாகப் பேசிய வார்த்தை 'உப்பு'. இப்போது அவனிடம் கேள்விகள் இருந்தன. நான் சிரிப்பேன். அவன் விளக்குவான். ஒன்பதரை மணிக்கு இருவரும் சேர்ந்து காபி குடிப்போம்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். கல்யாணமான புதிதில் அவனிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, கீழ்த்தளத்தில். ஒரு குளிர்காலம் முழுக்க அவன் சாப்பிடவும் பனி தள்ளவும் மட்டுமே மேலே வந்தான். பிப்ரவரியில் நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதை ஏப்ரலில் கவனித்தான். தேர்ந்தெடுக்கிற வரைக்கும் டேரல் மேலே இருப்பான். வாங்கிவிட்டால் கீழே போய்விடுவான். இது எனக்குச் சூரிய உதயம் மாதிரி நிச்சயம்.

ஆறாவது வாரம் ஒரு ராத்திரி, "முடிச்சாச்சு, நாளைக்கு வாங்கிடறேன்" என்றான். பட்டியலை இணையத்தில் ஒரு மன்றத்தில் போட்டிருந்தான். அங்கே நம் பட்டியலைப் போட்டால், முகம் தெரியாதவர்கள் கூடிக் காறித் துப்பித் திருத்திக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் உதவி.

மறுநாள் காலை நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில், வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தபடியே அந்த மன்றத்தில் சேர்ந்தேன். பெயர் கேட்டது. எதிர்ச் சுவரில் டாக்டர் பிடித்துப் பாடம் பண்ணி மாட்டிய வாளை மீன் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. 'கிழட்டு வாளை' என்று போட்டேன். பிறகு டேரலின் பட்டியலுக்குக் கீழே எழுதினேன்: 'பொறு. இந்த சாக்கெட்டுக்கு ஆயுசு முடிஞ்சாச்சு. மார்ச்சில் புதுசு வருது.'

சாக்கெட் என்றால் என்ன என்று அன்று எனக்குத் தெரியாது. எங்கேயோ படித்த வரி. சாயங்காலம் டேரல் அதை எனக்கே வாசித்துக் காட்டி, "நல்ல வேளை, தப்பிச்சேன்! விஷயம் தெரிஞ்ச ஆள்" என்றான்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். எனக்கு ஒன்பது பாடம் வேண்டியிருந்தது. சும்மா 'பொறு' என்றால் டேரல் காரணம் கேட்டான். காரணம் சொல்ல நான் படிக்க வேண்டியிருந்தது. பல்வலியோடு ஆட்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் இருக்க, நான் எந்த போர்டில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி சூடாகிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் மற்றவர்களும் கிழட்டு வாளையிடம் கேட்க ஆரம்பித்தார்கள். டெக்சஸிலிருந்து ஒருவன், நார்வேயிலிருந்து ஒருத்தி. பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? போன கோடையோடு பதினோராயிரம் பேர் கிழட்டு வாளைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். என் பெண்ணை நான் பத்து மாதம் சுமந்து பெற்றேன். அவளிடமிருந்து எனக்கு வந்த நன்றிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்படி மூன்று வருடம் அணை கட்டி வைத்திருந்தேன். அக்காவின் பண்ணை வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் தானியக் குதிரின் மேல் ஏற வேண்டும். ஏறாத நான்கு நாளில் அணை உடைந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் டேரல் பெட்டியைத் திறந்து, போர்டைப் படம் எடுத்து மன்றத்தில் போட்டான். எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னான்: "வாளை ஐயா, உயிரோட இருக்கீங்களா? உங்களைக் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டேன். திட்டறதா இருந்தா திட்டுங்க."

என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்றேன்.

உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு எரிச்சல் வந்தது. நல்ல போர்டு. நானே எனக்கு வாங்கியிருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். 'திருப்பிக் கொடு, குப்பை' என்று ஒரு வரி எழுதினால் போதும், விடிவதற்குள் மறுபடி மினியாபொலிஸுக்கு வண்டியை எடுத்துவிடுவான். ஆனால் பதினோராயிரம் பேர் பார்க்கிற இடத்தில் நல்ல போர்டைக் கெட்டது என்று எழுத என் விரல் மறுத்துவிட்டது. அந்த அளவுக்கு நான் கெட்டுப்போயிருந்தேன்.

கடைசியில் எழுதினேன்: 'நல்ல போர்டுதான். ஆனால் அவசரப்பட்டுக் கட்டாதே. காற்று வறண்டு கிடக்கிறது. அந்தப் பச்சைக் கம்பளத்தின் மேல் சாக்ஸ் காலோடு நின்று கட்டினால், உன் உடம்பிலிருந்து தெறிக்கிற மின்சாரத்திலேயே போர்டு செத்துவிடும்.'

அனுப்பிவிட்டு, சந்தேகம் வராமலிருக்கத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தேன்.

டேரல் லேப்டாப்பைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தான்.

"உயிரோடதான் இருக்கார்" என்றான் மெதுவாக. "ரெனே, நம்ம கீழ்த்தளத்துக் கம்பளம் பச்சைன்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

"எல்லார் வீட்லயும் பச்சைதானே?"

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்திருக்கும். இப்ப இந்த ஊர்ல பச்சைக் கம்பளம் வெச்சிருக்கற ஒரே ஆளு நாமதான். நீதானே தினமும் சொல்றே?" எழுந்து நடக்க ஆரம்பித்தான். "நம்ம கீழ்த்தளத்தைப் பார்த்தவங்க யாரு? ஹீட்டர் ரிப்பேர் பண்ண வந்தவன். அவன் சின்னப் பையன். பாஸ்டர். அவருக்கு மைக்கையே ஆன் பண்ணத் தெரியாது. அப்புறம்..."

ஜன்னல் பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றான். பக்கத்து வீட்டு வாசல் விளக்கில் ஆர்வில், ஏரி உறைந்ததும் பனிக்கட்டியின் மேல் இழுத்துப்போய் உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கிற தன் குடிசைக்கு வண்டிச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது. மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"வயசானவர்" என்றான் டேரல். "வாளை பிடிக்கறவர். போன வசந்தத்துல ஆத்துத் தண்ணி ஏறினப்ப பம்ப் வைக்க நம்ம கீழ்த்தளத்துக்கு வந்தவர்."

"டேரல், ஆர்வில்கிட்ட கம்ப்யூட்டரே கிடையாது."

"அப்படித்தான் நாம நினைச்சுக்கிட்டிருக்கோம்."

கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினான். நான் அவன் கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் புகழ்ந்தால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஒப்புக்கொள்கிறவன் வெளியூர்க்காரன். 'ஐயோ, நானில்லை, நான் ஒண்ணுமே பண்ணலை' என்று எவன் மறுக்கிறானோ அவன்தான் பண்ணினவன். சர்ச் கூரையைச் செப்பனிட்டது யார் என்று நாங்கள் இப்படித்தான் கண்டுபிடித்தோம்.

"ஆர்வில்!" டேரலுக்கு மூச்சு வாங்கியது. "மூணு வருஷமா நீங்க பண்ணிட்டு வர்றதெல்லாம் எனக்குத் தெரிஞ்சு போச்சு."

ஆர்வில் ஸ்பேனரைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானாவே கண்டுபிடிச்சேன்."

"விடுப்பா. காலையில நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது. சும்மா இருக்கறதுக்கு இதையாவது பண்ணலாமேன்னுதான்."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பனி பெய்த காலைகளில் எங்கள் வாசல் பனியை யாரோ விடிவதற்குள் தள்ளிவிட்டுப் போவார்கள். யார் என்று எங்களுக்கும் தெரியும், நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதுதான் மரியாதை.

"சும்மாவா! பதினோராயிரம் பேருக்குப் பண்ணியிருக்கீங்க!"

"பதினோராயிரமா? நம்ம தெருவுல நாலு வீடுதானேப்பா?"

டேரல் என் பக்கம் திரும்பிக் கண் கலங்கினான். "பார்த்தியா? என்ன அடக்கம்!"

"டேரல், அவர் சொல்றது..." என்று ஆரம்பித்தேன். எதைச் சொல்லி முடிப்பது? வாளை அவரில்லை என்றால், பின்னே யார் என்பான். வாயை மூடிக்கொண்டேன்.

"சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வரணும் நீங்க. நீங்க இல்லாம நான் கட்டமாட்டேன்."

என்ன கட்டப்போகிறான் என்று ஆர்விலுக்குத் தெரியாது. கேட்பது நாகரிகமில்லை. "வேணாம்ப்பா, உனக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார். இரண்டாம் முறை, "குடும்பத்தோட இருக்கற நாள்" என்றார். மூன்றாம் முறை, "வேலை இருக்குதே" என்றார். மூன்று முறை மறுப்பது மரியாதை. நான்காம் முறையும் மறுத்தால் பகை. நான்காம் முறை கேட்டபோது, "சரி, கொஞ்ச நேரம் வந்து எட்டிப் பார்க்கறேன்" என்றார்.

சனிக்கிழமைக்குள் இதைச் சரிசெய்ய நான் ஒரு முயற்சி செய்தேன். மறுநாள் மருத்துவமனையிலிருந்து கிழட்டு வாளை எழுதியது: 'ஒரு விஷயம் தெளிவாகச் சொல்கிறேன். நான் உன் பக்கத்து வீட்டுக்காரன் இல்லை.'

அன்று சாயங்காலம் டேரல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "மறுக்கறார் ரெனே! அடிச்சுச் சொல்லி மறுக்கறார்! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அது நாங்கள் அந்த மேஜையில் உட்காரப்போகிற கடைசி வாரம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. காபியில் சர்க்கரை போட மறந்தேன். அவன் அதையும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆர்வில் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய புகைபோட்ட மீன் ஒன்றை நீட்டினார். டேரல் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண் அடித்தான். மீன்!

கீழ்த்தளத்தில் வாளை சொன்னபடியே எல்லாம் நடந்திருந்தது. கம்பளத்தை விட்டு விலகி, துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் சீட்டாட்ட மேஜை. அதன் மேல் பாகங்கள். டேரல் கல்யாணங்களுக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டிருந்தான். நான் காபித் தட்டோடு படியோரம் நின்றேன்.

"ஆர்வில், இந்த ரேமோட வேகம் போதுமா?"

ஆர்வில் அதை வெகுநேரம் பார்த்தார். "மோசமில்லே."

"மோசமில்லேன்னுட்டார்!" என்று டேரல் என்னிடம் கிசுகிசுத்தான். "கேஸ் சூடாகாம இருக்கக் காத்தாடி முன்னாடி மூணு, பின்னாடி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன்."

"காத்து வந்தா சரிதான்."

"அதேதான்! எல்லாரும் பக்கம் பக்கமா எழுதறாங்க, இவர் ஒரு வரியில முடிச்சிட்டார்." அடுத்து கிராபிக்ஸ் கார்டைக் காட்டினான். செங்கல் கனமிருந்தது. மூன்று காத்தாடி, ஓரத்தில் வண்ண விளக்கு.

ஆர்வில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது... ஒரு தினுசாத்தான் இருக்கு."

எங்கள் ஊரில் ஒரு தினுசு என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். டேரலின் முகம் தொங்கிப்போயிற்று. "வேற வாங்கியிருக்கணுமோ?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "நல்ல கார்டுதான்! அந்த விலைக்கு அதைவிட நல்லது கிடையாது."

"உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றான் டேரல், ரொம்பப் பிரியமாக.

காபித் தட்டை மெஷின் மேல் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

டேரல் போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேலேயே கிடத்தி, நடுவிலிருந்த சாக்கெட்டின் லீவரைத் தூக்கிச் சட்டத்தைத் திறந்தான். உள்ளே ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் தங்க முடிகள் வரிசையாக நின்றன. தலைமுடியை விட மெல்லிய பின்கள். அதன் மேல் வைக்க வேண்டிய ப்ராசஸர் ஒரு பிஸ்கட் அளவு. அதை உறையிலிருந்து எடுத்து ஆர்வில் பக்கம் நீட்டினான்.

"இதை நீங்கதான் வைக்கணும்."

"ஐயய்யோ. வேணாம்ப்பா."

"நீங்க கை வெச்சாத்தான் எனக்குத் திருப்தி."

"உன் பொருளு. நீயே வை."

"மூணு வருஷமா எனக்கு வழிகாட்டினது யாரு?"

"என் கை பெருசுப்பா" என்றார் ஆர்வில். அது மறுப்பு இல்லை, நிஜம். முப்பது வருடம் ஏரிப் பனிக்கட்டியில் துளை போட்ட கை.

டேரல் நான்காம் முறை நீட்டினான். ஆர்வில் வாங்கிக்கொண்டார். என்னை ஒரு தடவை பார்த்தார், தண்ணீரில் மூழ்குகிறவர் கரையைப் பார்ப்பது போல. பிறகு அதைச் சாக்கெட்டின் மேல் வைத்தார்.

பக்கம் மாற்றி வைத்துவிட்டார். அது படியவில்லை, ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடியது. டேரல் கவனிக்கவில்லை, போனை உயர்த்திப் பிடித்து ஆர்விலின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் ஆடுதே" என்றார் ஆர்வில்.

"அழுத்துங்க. பலமாத்தான் அழுத்தணும்னு படிச்சிருக்கேன். பயப்படாதீங்க."

ஆர்வில் கட்டைவிரலை அதன் நடுவில் வைத்தார்.

எனக்கு இரண்டு நொடி இருந்தது. அந்த விரல் இறங்கினால் பின்கள் நசுங்கும். போர்டு போய்விடும். மினியாபொலிஸில் அந்தக் கட்டு விற்றுத் தீர்ந்திருக்கும். இன்று சாயங்காலமே டேரல் மேலே சமையலறை மேஜைக்கு வந்து லேப்டாப்பைத் திறப்பான். 'ரெனே, மறுபடியும் முதல்லேருந்து பார்ப்போம்' என்பான். இன்னொரு வருடம், ஒருவேளை இரண்டு வருடம். பழியும் என் மேல் வராது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது. எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு அதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

டேரலைப் பார்த்தேன். நீலச் சட்டையின் எல்லா பட்டனையும் கழுத்து வரை போட்டிருந்தான்.

"கையை எடுங்க ஆர்வில்!" கீழ்த்தளமே அதிர்ந்தது. "திருப்பி வெச்சிருக்கீங்க! ஓரத்துல தங்கத்துல ஒரு முக்கோணம் இருக்குல்ல, அது சாக்கெட்ல இருக்கற முக்கோணத்துக்கு நேரா வரணும்! ப்ராசஸரை அழுத்தவே கூடாது, சும்மா வெச்சு விட்டா அதுவா உக்காரும். பலமா அழுத்த வேண்டியது லீவரை! ஒரு பின் வளைஞ்சாலும் போர்டு குப்பைக்குத்தான்!"

ஆர்வில் கொள்ளைக்காரனைக் கண்டவர் போல இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார். "அப்பாடா" என்றார். "இப்பவாவது யாராவது சொல்லுங்க, இது என்ன சாமான்?"

டேரல் போனை இறக்கினான். என்னைப் பார்த்தான், ஆர்விலைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"ரெனே."

"ம்."

"இது அப்படியே வாளை பேசற மாதிரி இருக்கு."

"சேச்சே, நான் வாளை இல்லை" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுத்துவிட்டேன்! டேரலின் வாய் மெல்லத் திறந்தது.

"அப்ப ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அவ்வளவு மலிவா வந்த கார்டைத் 'தொடாதே, யாரோ ராப்பகலா ஓட்டித் தேய்ச்ச கார்டு'ன்னு சொன்னது?"

"நான்தான்."

"வெள்ளைக் கேஸ் வாங்காதே, பல்லு மாதிரி மஞ்சளாயிடும்னது?"

"அது உண்மைதான் டேரல். பல்லு, கேஸ் ரெண்டுமே மஞ்சளாகும்."

"மூணு வருஷம் ரெனே! மூணு வருஷம்! நான் அந்த ஆளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தெல்லாம் அனுப்பினேன்!"

"நானும் பதில் அனுப்பினேனே."

ஆர்வில் தொண்டையைச் செருமினார். "சரி... அப்ப நான் மெதுவா கிளம்பட்டுமா?" என்றார். இருவரும் பதில் சொல்லவில்லை. பதில் வராமல் கிளம்புவது மரியாதையில்லை என்பதால், ஒரு காபியை எடுத்துக்கொண்டு பச்சைக் கம்பளத்தின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"எதுக்குன்னாவது சொல்லு" என்றான் டேரல். "என்னைக் கேலி பண்ணவா?"

"இல்லை." என் குரல் உடைந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் வேறு இருக்கிறார். "தேடற வரைக்கும் நீ மேல இருந்தே. இதைக் கட்டி முடிச்சிட்டா நீ கீழ வந்துடுவே. நான் மேல ஒருத்தியா உக்காந்து அந்த நாற்காலியைப் பார்த்துக்கிட்டிருக்கணும். ஒரு குளிர்காலம் பார்த்தாச்சு. போதும்."

டேரல் குனிந்து ப்ராசஸரை இரண்டு விரலால் தூக்கினான். முக்கோணத்தைத் தேடி, திருப்பி, மெல்ல வைத்து விட்டான். அது ஆடாமல் உட்கார்ந்தது. லீவரை மூடவில்லை. கடைசிப் படியில் போய் உட்கார்ந்தான்.

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்போது என் கோபம்தான் மிச்சம் இருந்தது.

"நான்தான் தப்பு. சரி. ஆனா நீ? ஒரு காத்தாடி வாங்கணும்னாகூட மூணு மாசம் என்னைக் கேப்பே, மூணு மாசம் வாளையைக் கேப்பே. நான் இல்லாத நேரமாப் பார்த்து, யாரையும் கேக்காம, திடீர்னு பத்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டுப் போய் வாங்கணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு?"

டேரல் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். என்னைப் பார்க்காமல் போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ இல்லாத நாலு நாளும் அந்த மேஜையில லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தனியா உக்காந்து பார்த்தேன் ரெனே, முடியலை. அதான் வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்."